ஒப்பமிடுமுன் வாசிக்க வேண்டிய பந்தி: கலைஞர் ஒப்பந்தங்களில் நன்னடத்தைச் சரத்தும் அரசியல் பேச்சும்

திருகோணமலையிலிருந்து பாடவும் நடிக்கவும் அறிவிப்புச் செய்யவும் புறப்படும் இளையவர்களுக்கு இன்று மூன்று திசைகளிலிருந்து ஒப்பந்தங்கள் வருகின்றன. கொழும்பின் தொலைக்காட்சி, விளம்பர நிறுவனங்கள் ஒரு திசை. சென்னையின் இசை வெளியீட்டாளர்களும் படத் தயாரிப்பாளர்களும் இன்னொரு திசை. ரொறன்ரோ, லண்டன், சூரிச் போன்ற நகரங்களில் மேடை நிகழ்ச்சி நடத்தும் நம்மவர்கள் மூன்றாவது திசை. சம்பளமும் திகதியும் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆனால் நடுப்பக்கத்தில் எங்கேயாவது, நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எச்செயலிலும் கலைஞர் ஈடுபடலாகாது என்றும், ஈடுபட்டால் ஒப்பந்தம் உடனே முடிவுறும் என்றும் சொல்லும் ஒரு பந்தி அநேகமாக இருக்கும். இதுவே நன்னடத்தைச் சரத்து. குடித்துவிட்டு அடிபடுகிறவர்களுக்காக எழுதியது, நமக்கில்லை என்று நினைத்துப் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பந்தி உங்கள் முகநூல் பதிவையும், நீங்கள் நின்ற மேடையையும், நீங்கள் ஏற்றிய விளக்கையும் பிடிக்கக்கூடியது என்பதால், அதை எப்படி வாசிப்பது, எதைத் திருத்தக் கேட்பது, பின்னர் சிக்கல் வந்தால் என்ன செய்வது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சரத்து எங்கிருந்து வந்தது

1921 செப்டெம்பரில் ஹொலிவூட்டின் நகைச்சுவை நடிகர் ரொஸ்கோ ஆர்பக்கிள் ஒரு பெண்ணின் மரணம் தொடர்பாகக் கைதானபோது, அவரோடு ஒப்பந்தமே இல்லாத யுனிவர்சல் நிறுவனம், பொதுமக்களின் மதிப்பை இழக்கும் நடிகரின் சம்பளத்தை நிறுத்தலாம் என்ற வாசகத்தைத் தன் ஒப்பந்தங்களில் சேர்த்தது. 1922 ஏப்ரலில் மூன்றாவது விசாரணையின் முடிவில் ஆர்பக்கிள் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானது. ஆனால் அதற்குள் அவருடைய தொழில் முடிந்துவிட்டது. சரத்து மட்டும் நின்று நிலைத்தது.

அது அரசியலுக்கு எதிராகத் திரும்பியது 1947 இல். கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் ஒருவரான திரைக்கதை ஆசிரியர் லெஸ்டர் கோலை எம்.ஜி.எம். ஸ்ரூடியோவின் தாய் நிறுவனம் இடைநிறுத்தியது. அவருடைய ஒப்பந்தத்தில் அரசியல் என்ற சொல்லே கிடையாது. பொது மரபுக்கும் ஒழுக்கத்துக்கும் மதிப்பளித்து நடக்க வேண்டும், சமூகத்தை அதிர்ச்சிக்குள்ளாக்கவோ புண்படுத்தவோ கூடிய எதையும் செய்யக்கூடாது என்றுதான் இருந்தது. யூரிமார் கோலின் பக்கம் நின்றார்கள்; 1950 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. நமக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். “இதில் அரசியல் பற்றி ஒன்றுமில்லையே, தம்பி” என்று முகாமையாளர் சொன்னால், இல்லாததே ஆபத்து என்று புரிந்துகொள்ளுங்கள்.

“பேச்சுச் சுதந்திரம் இருக்கிறதே” என்ற நம்பிக்கை

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதிப்படுத்துகிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு நிறைவேற்றுத்துறை, நிர்வாகத்துறை ஆகியவற்றின் செயல்களுக்கு எதிரானது. கொழும்பில் உள்ள தனியார் அலைவரிசை உங்கள் பதிவைக் காரணங்காட்டி ஒப்பந்தத்தை முறித்தால் அந்த வழி உங்களுக்குத் திறக்காது. எதிரே இருப்பது அரச கூட்டுத்தாபனமாக இருந்தால் கதை வேறு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியதற்கு எதிராக, அதில் பங்கெடுத்துவந்த நேயர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தில் எதிர்த்தரப்பு யார் என்பதைப் பாருங்கள்: அரச நிறுவனமா, தனியாரா, அரச நிறுவனத்துக்கு நிகழ்ச்சி செய்து கொடுக்கும் தனியாரா. மூன்றாவது வகை வழுக்கலானது. நிகழ்ச்சி அரச அலைவரிசையில் போனாலும் உங்களுக்கு ஒப்பந்தக்காரர் தனியாரே.

சென்னை ஒப்பந்தத்துக்கு அநேகமாக இந்தியச் சட்டமும் சென்னை நீதிமன்றமும் எழுதப்பட்டிருக்கும். அதில் உங்களுக்குச் சாதகமான சில உண்டு. பணத்தைப் பற்றிப் பேசும்போது அவற்றுக்கு வருகிறேன்.

எங்கே தேடுவது

“நன்னடத்தை” என்று தலைப்பிட்டு யாரும் எழுதித் தருவதில்லை. கலைஞரின் உறுதிமொழிகள், ஒப்பந்தம் முடிவுறும் சந்தர்ப்பங்கள், சமூக ஊடகக் கொள்கை ஆகிய மூன்று இடங்களில் தேடுங்கள். மூன்றாவது பெரும்பாலும் தனி இணைப்பாக இருக்கும். சில வேளைகளில் இணைப்பே தராமல், “நிறுவனத்தின் அவ்வப்போதைய கொள்கைக்கு அமைய” என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த வரிக்கு ஒப்பமிட்டால், நாளைக்கு அவர்கள் எழுதப்போவதற்கு இன்றைக்கே சம்மதித்தவராகிறீர்கள். கொள்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதன் திகதியை ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

புதுப்பிக்கும்போதும் இதே தேடுதல் வேண்டும். அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் ரஷார்ட் மெண்டன்ஹால் உடுப்பு நிறுவனம் ஒன்றோடு செய்த மூல ஒப்பந்தத்தில் சரத்து குற்றச் செயல்களை மட்டும் தொட்டது. நீடிப்பு ஒப்பந்தத்தில் அது பொதுமக்களைப் புண்படுத்தும் செயல்கள்வரை விரிந்தது. 2011 மே மாதம் ஒசாமா பின் லாடனின் மரணத்தைக் கொண்டாடியவர்களை விமர்சித்து அவர் ருவிற்றரில் எழுதியபோது, அந்த விரிவைக் கொண்டே நிறுவனம் அவரை நீக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் தன் உரிமையை நியாயமாகப் பயன்படுத்தியதா என்பது விசாரிக்க வேண்டிய கேள்வி என்று கூறி, வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட நீதிமன்றம் மறுத்தது. பின்னர் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன.

கைது என்ற சொல்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். பல ஒப்பந்தங்களில், “கலைஞர் கைதுசெய்யப்பட்டாலோ, குற்றஞ்சாட்டப்பட்டாலோ” நிறுவனம் விலகலாம் என்றிருக்கும். பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கு இது நியாயமான அளவுகோலாகத் தோன்றும். இங்கே அப்படியல்ல. 2024 மே மாதத்தில் சம்பூர்ப் பகுதியில் இறுதிப் போரில் இறந்தோரின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார்கள். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, 2021 டிசெம்பரில் பிணை பெற்று, 2023 டிசெம்பரில்தான் விடுதலையானார். கைதுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது அவருடைய தமிழ்க் கவிதைகள். நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய 2023 மே மாதம் மேடைப் பேச்சொன்றுக்காகக் கைதானார். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆகிய மூன்றும் பேச்சைத் தொடக்கூடியவை. அவற்றின் கீழ் ஒருவர் கைதாவதற்கும் குற்றவாளியாகத் தீர்க்கப்படுவதற்கும் இடையிலான தூரம் ஆண்டுக்கணக்கில் நீளலாம்.

ஆகவே “கைது”, “குற்றச்சாட்டு”, “விசாரணை”, “பொலிஸ் முறைப்பாடு” ஆகிய சொற்களை வெட்டி, “நேர்மையீனம், வன்முறை அல்லது பாலியல் குற்றம் ஒன்றுக்காக, மேன்முறையீடுகள் முடிந்து, கலைஞர் இறுதியாகக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டால்” என்று மாற்றக் கேளுங்கள். மறுப்பார்கள். அப்போது நடுவழியாக, கைதானால் ஒப்பந்தம் முடிவுறாமல் இடைநிறுத்தப்படும், பிணையில் வந்தால் தொடரும் என்பதைக் கேட்கலாம். நேரடி ஒளிபரப்பு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அறிவிப்பாளர் தடுப்புக்காவலில் இருந்தால் வேலை நடக்காது என்பது உண்மைதான். அந்தக் கவலைக்கு இடைநிறுத்தமே போதும்.

யார் தீர்மானிப்பது

அடுத்துக் கண்ணை வைக்க வேண்டியது “நிறுவனத்தின் தனி விருப்பின்படி” என்ற தொடரில். களங்கம் ஏற்பட்டதா என்பதை நிறுவனமே முடிவு செய்து, நிறுவனமே தண்டனையும் விதித்தால், மற்ற வாசகங்கள் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. அந்தத் தொடரை “நியாயமான காரணத்துடன், எழுத்தில்” என்று மாற்றுங்கள். அதோடு கலைஞருக்கு அறிவித்தல் கொடுத்து, பதில் சொல்லப் பதினான்கு நாட்கள் விட வேண்டும் என்று சேருங்கள். “ஏற்படக்கூடும்” என்பதை “ஏற்பட்டது” என்று மாற்றுவதும் முக்கியம். யாரோ நான்கு பேர் கீழே திட்டி எழுதியதை நட்டம் என்று கொள்ளாமல், விளம்பரதாரர் விலகினார், நிகழ்ச்சி ரத்தானது போன்ற காட்டத்தக்க விளைவு ஒன்றை நிறுவனம் நிறுவ வேண்டும் என்றிருக்கட்டும்.

சரத்தை முழுவதாக நீக்கச் சொல்வது, பெயர் பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வீண் வேலை என்பது என் கருத்து. நிறுவனத்துக்கும் அதில் நியாயமான தேவை உண்டு. சிறுவர்களைத் துன்புறுத்தியவரை வைத்துச் சிறுவர் நிகழ்ச்சி நடத்த எவரும் கட்டுப்படக் கூடாது. கேட்க வேண்டியது விலக்கு. தமிழில் இப்படி எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தரணி ஒருவர் இதை ஒப்பந்த மொழியில் வார்த்துத் தருவார்:

“கலைஞர் தனது சொந்தப் பெயரில், நிறுவனத்தின் சார்பிலன்றி, சட்டத்துக்குட்பட்டு வெளியிடும் அரசியல், சமயக் கருத்துகளும், வாக்களித்தல், கட்சி அல்லது தொழிற்சங்க உறுப்புரிமை, அமைதியான ஒன்றுகூடல், இறந்தோரை நினைவுகூரல் ஆகியனவும் இச்சரத்தின் மீறலாகா. ஓர் இனத்துக்கோ மதத்தவருக்கோ எதிராக வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு இவ்விலக்குப் பொருந்தாது.”

கடைசி வாக்கியத்தை நீங்களே முன்வந்து எழுதுவது நல்லது. மூவினத்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இந்த நகரத்தில் அது தேவை என்பது ஒருபுறமிருக்க, அதைக் கண்டதும் நிறுவனத்தின் சட்டத்தரணிக்குப் பாதிப் பயம் தீர்ந்துவிடும். “இறந்தோரை நினைவுகூரல்” என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களுக்காக ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தப் படத்தை அரசியல் என்று வாசிக்கும் கண்ணும் கொழும்பில் இருக்கக்கூடும். ஒப்பந்தத்தில் அது வெளிப்படையாக இருந்தால், வாசிப்பவரின் கண்ணைப் பற்றிக் கவலையில்லை.

மூன்று திசை, மூன்று பயம்

கொழும்பு நிறுவனம் பயப்படுவது நீங்கள் பேசுவதற்கு. சென்னை நிறுவனமும் புலம்பெயர்ந்தோரின் மேடையும் பயப்படுவது நீங்கள் யாரோடு நின்றீர்கள் என்பதற்கு. 2010 இல் கொழும்பில் நடந்த இந்தியத் திரைப்பட விருது விழாவுக்குப் போகிறவர்களின் படங்களைத் திரையிடமாட்டோம் என்று தென்னிந்தியத் திரைத்துறையினர் அறிவித்தார்கள். 2020 இல் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படத்திலிருந்து, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் நடுவே, முரளிதரனே கேட்டுக்கொண்டதன்பேரில் விஜய் சேதுபதி விலகினார். இவை ஒப்பந்த வழக்குகளல்ல. ஆனால் இவற்றை நினைவில் வைத்துத்தான் சென்னையில் சரத்துகள் எழுதப்படுகின்றன. இங்கே வாழும் கலைஞர் பாடசாலை விழாவிலும், மாகாண சபையின் கலாசார விழாவிலும், அமைச்சர் வந்தமரும் மேடையிலும் பாடித்தான் ஆகவேண்டும். கோட்டைக்குள் இராணுவம் இருக்க, அதே கோட்டை வாசலால் கோணேசரிடம் போய்வருகிற ஊர் இது. ஆகவே வெளிநாட்டு மேடை ஒப்பந்தத்தில், “கலைஞர் தன் வாழ்விடத்தில் அரச, பாடசாலை, சமய நிறுவனங்களின் நிகழ்ச்சிகளில் பங்கேற்பது மீறலாகாது” என்ற வரியைச் சேருங்கள். ஏற்பாட்டாளர் உறவினராக இருந்தால் எழுத்தில் கேட்பது கூச்சமாக இருக்கும். மாமாவோ சித்தப்பாவோ, அவருக்கும் அனுசரணையாளர் ஒருவர் இருப்பார். அந்த அனுசரணையாளருக்கு நீங்கள் மருமகன் அல்ல.

பழைய பதிவுகள்

“கலைஞரின் கடந்தகாலத்தில் நற்பெயரைப் பாதிக்கும் எதுவுமில்லை என உறுதியளிக்கிறார்” என்ற வரிக்கு எவரும் நேர்மையாக ஒப்பமிட முடியாது. ஒப்பமிடும் திகதிக்குப் பிந்தியவற்றுக்கு மட்டும் சரத்தை எல்லைப்படுத்துங்கள். அதற்கு உடன்படாவிட்டால், சிக்கலாகக்கூடிய பழைய பதிவுகளை நீங்களே இணைப்பாகக் கொடுத்து, “இவற்றை அறிந்தே நிறுவனம் ஒப்பந்தம் செய்கிறது” என்று எழுதச் சொல்லுங்கள். இரவோடிரவாக அழித்துவிட்டு ஒப்பமிடுவது அதைவிட மோசமானது. யாரோ எடுத்துவைத்த திரைப்பிடிப்பு வெளிவந்தால், பதிவோடு மறைத்த குற்றமும் சேரும். பிறர் உங்களைப் படத்தில் இணைப்பது, வட்ஸ்அப் குழுவில் நீங்கள் உறுப்பினராக இருப்பது, விருப்பக் குறியிடுவது ஆகியவற்றுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்றும் ஒரு வரி வேண்டும்.

பணம்

ஒப்பந்தம் முறிந்தால் என்ன நடக்கும் என்பதை வாசிக்காமல் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள். எடுத்துக்காட்டாக, ஆறு பாடல்களுக்கு மூன்று இலட்சம் ரூபாய் முற்பணம் வாங்கி, நான்கைப் பதிவு செய்து முடித்த பாடகி ஒருவரை எண்ணுங்கள். மோசமான வாசகத்தில் அவர் மூன்று இலட்சத்தையும் திருப்பிக் கொடுத்து, நான்கு பாடல்களின் வருவாய்ப் பங்கையும் இழந்து, மறுபதிவுச் செலவையும் கட்டுவார். பாடல்களோ நிறுவனத்திடமே இருக்கும். நியாயமான வாசகத்தில் முடித்த நான்குக்குரிய பணம் அவருடையது, முடிக்காத இரண்டுக்குரிய ஓர் இலட்சம் மட்டும் திரும்பும், பாடல் விற்பனையாகும் காலமெல்லாம் பங்கும் பெயரும் தொடரும். பெயரைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன்: அரசியல் காரணத்துக்காக நீக்கப்பட்டவரின் பெயரை எடுத்துவிட்டு வேலையை வைத்துக்கொள்வது பழைய பழக்கம், 1950களின் ஹொலிவூட்டில் கறுப்புப் பட்டியலில் இருந்த எழுத்தாளர்கள் புனைபெயரிலும் பிறர் பெயரிலும் எழுத வேண்டியிருந்தது.

இந்தியச் சட்டத்தின் கீழான ஒப்பந்தமானால், 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவை நினைவில் வையுங்கள்: எவ்வளவு பெரிய தொகையைத் தண்டமாக எழுதியிருந்தாலும், நீதிமன்றம் அத்தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே அளிக்கும். 27 ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவையாக்குகிறது. கிரிக்கெட் வீரர் சஹீர் கானுக்கும் அவருடைய முன்னாள் முகவர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தொடரும் கட்டுப்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 2006 இல் ஏற்கவில்லை. ஆகவே நீக்கிவிட்டு, “இரண்டு ஆண்டுகளுக்கு வேறெங்கும் பாடக்கூடாது” என்று மிரட்டினால் உடனே அஞ்ச வேண்டாம்.

எதிர்ப்பக்கச் சரத்து

நன்னடத்தை ஒருவழிப் பாதையல்ல. உங்கள் குரலை நிறுவனம் கட்சியொன்றின் பிரசாரக் காணொளிக்கு விற்றால் கெட்டுப்போவது உங்கள் பெயர். தேர்தற் காலத்தில் முச்சக்கரவண்டி ஒலிபெருக்கியில் தன் பாட்டையே வேறு சொற்களோடு கேட்பது இங்கே யாருக்கும் நடக்கலாம். “கலைஞரின் எழுத்துமூலச் சம்மதமின்றி, அவருடைய குரலையோ உருவத்தையோ, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய பிரதி உட்பட, எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் பயன்படுத்தலாகாது, மீறினால் கலைஞர் விலகலாம்” என்று கேளுங்கள். அவர்களுக்குச் செலவில்லாத வரி என்பதால் பெரும்பாலும் தருவார்கள்.

கேட்கும் விதம்

தொலைபேசியில் சொன்னது காற்றோடு போகும், மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரேயடியாகப் பத்துத் திருத்தம் அனுப்பாமல், கைது, தீர்மானிப்பவர், விலக்கு, பணம் ஆகிய நான்கை மட்டும் புதிய வாசகத்தோடு எழுதி அனுப்புங்கள். நான்கில் இரண்டு கிடைத்தாலும் நட்டமில்லை. எனக்கானால் கைதையும் பணத்தையும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுவேன். ஆங்கில ஒப்பந்தமானால் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்டு வாங்குங்கள், ஆனால் எந்த மொழிப் பிரதி மேலோங்கும் என்ற வரியையும் பாருங்கள். பதினெட்டு வயது நிறையாதவர் தனியே ஒப்பமிட வேண்டாம்.

கடிதம் வந்துவிட்டால்

உடனே எதையும் பதிவிடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். சம்பந்தப்பட்ட பதிவையும் அதன் கீழ் வந்தவற்றையும் திகதி தெரியப் படம்பிடித்து வையுங்கள். எந்தச் சரத்து, எந்தச் செயல், என்ன நட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை வேலைக்கு ஆயத்தமாக இருப்பதாகவும் அதே கடிதத்தில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களே கைவிட்டீர்கள் என்பார்கள். மன்னிப்புக் காணொளி கேட்பார்கள். கொடுப்பதும் விடுவதும் உங்கள் மனச்சாட்சிக்குரியது. ஆனால், கொடுத்தால் ஒப்பந்தம் தொடரும் என்று எழுத்தில் வாங்காமல் கொடுத்தால், அதுவே உங்களுக்கெதிரான ஒப்புதலாகிவிடும். வெளிநாட்டு நிறுவனமானால் அந்த இடத்துச் சட்டத்தையும் விசாரியுங்கள்: கலிபோர்னியாவின் தொழிற்சட்டம் ஊழியரின் அரசியல் செயற்பாட்டைத் தொழில்கொள்வோர் கட்டுப்படுத்துவதைத் தடுக்கிறது. சமூக ஊடகப் பதிவுகளுக்காக 2021 இல் நீக்கப்பட்ட நடிகை ஜீனா கரானோ அதையும் துணைகொண்டு 2024 இல் வழக்குத் தொடுத்தார். 2025 இல் அது இணக்கத்தில் முடிந்தது.

காலக்கெடுக்கள் உள்ளூரில் இப்படி: அரச நிறுவனத்துக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்; மாதச் சம்பள ஊழியராக இருந்து நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்; எழுத்துமூல ஒப்பந்தத்தின் மீறலுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகள். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில், வருமானத்தைக் காட்டும் ஆவணத்தோடு விசாரிக்கலாம். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும், இணைப்புகளையும், பரிமாறிய மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதிகளையும் திகதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.